ராண்டால்ஃப் தெருவில் ஒரு தியேட்டர்

இன்னைக்கு கொஞ்சம் பெரிய பதிவு. டீ, காபி ஏதாவது எடுத்துக்கிட்டு உட்காருங்க.

சர்க்கரை, பிரஷர் பத்தி எழுதுற ஆள் திடீர்னு சினிமா தியேட்டர் பத்தி எழுதுறானேன்னு நினைக்காதீங்க. கடைசியில் நுரையீரலுக்குத்தான் வந்து நிக்கும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரம். நமக்கெல்லாம் அந்த ஊர் விவேகானந்தரால் பழக்கம். 1893 செப்டம்பர் 11 அன்று அவர் பேசிய அரங்கம் இருந்த கட்டிடம்தான் இப்போது அங்கே ஆர்ட் இன்ஸ்டிட்யூட். அதே கட்டிடம், அதே இடம். அங்கிருந்து காலாற நடந்தால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரத்தில், நகரத்தின் நடு மையத்தில் ராண்டால்ஃப் தெரு இருக்கிறது. நம்ம ஊர் மவுண்ட் ரோடு மாதிரி, ஒரு காலத்தில் வரிசையாகத் தியேட்டர்கள் இருந்த தெரு.

அந்தத் தெருவில் 24ஆம் எண். 1926ல் அங்கே திறக்கப்பட்டது ஓரியண்டல் தியேட்டர்.

சாதாரண தியேட்டர் இல்லீங்க. சுமார் 3,250 இருக்கைகள். அன்றைய அமெரிக்காவில் சினிமா அரண்மனைகள் கட்டுவதில் பெயர்பெற்ற ராப் அண்ட் ராப் சகோதரர்கள் வடிவமைத்தது. தியேட்டருக்கு மேலே இருபது மாடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அலுவலகக் கட்டிடம். நடத்தியது பாலபான் அண்ட் காட்ஸ் நிறுவனம். தியேட்டருக்கு ஏசி போட்டு, கோடைக்காலத்தில் குளுகுளுன்னு ஜனத்தை இழுத்த முன்னோடிகள் இவர்கள்.

பெயருக்கேற்ற மாதிரி உள்ளே எல்லாம் ‘கீழைநாட்டு’ அலங்காரம். யானை உருவம் செதுக்கிய சிம்மாசன நாற்காலிகள், இந்திய இளவரசரைக் காட்டும் மொசைக் ஓவியங்கள், தலைப்பாகை கட்டிக்கொண்டு டிக்கெட் பார்த்து இடம் காட்டும் ஊழியர்கள். அவர்கள் கற்பனையில் நாம் எப்படி இருந்தோம் என்பதற்கு ஒரு நல்ல சாம்பிள். சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும்.

படம் மட்டும் ஓட்டவில்லை. படத்துக்கு முன்னால் மேடையில் பாட்டு, ஜாஸ் கச்சேரி, நகைச்சுவை. டியூக் எலிங்டன் இங்கே வாசித்திருக்கிறார். 1934ல் ‘கம் சிஸ்டர்ஸ்’ என்று மூன்று சகோதரிகள் இங்கே பாட வந்தார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் ஜனங்கள் சிரிக்கிறார்கள், மாற்றுங்கள் என்று நிகழ்ச்சியை நடத்திய ஜார்ஜ் ஜெஸ்ஸல் சொல்ல, கார்லண்ட் என்று மாறியது. அதில் கடைக்குட்டிதான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜூடி கார்லண்ட்.

டிவி வந்தது. ஜனங்கள் புறநகருக்குக் குடிபோனார்கள். நகர மையத் தியேட்டர்களுக்கு உலகம் முழுக்க என்ன நடந்ததோ அதுவேதான் இங்கேயும். 1970களில் குங்ஃபூ படங்கள் ஓட்டிக் காலம் தள்ளி, 1981ல் மூடினார்கள். 1998ல் புதுப்பித்து நாடக அரங்காகத் திறந்தார்கள். ‘விக்கெட்’ என்ற இசை நாடகம் 2005 முதல் 2009 வரை இங்கே ஓடியது. 2019ல் பெயரையும் மாற்றிவிட்டார்கள். இப்போது ஜேம்ஸ் எம். நெடர்லாண்டர் தியேட்டர்.

இதோடு முடிந்தால் இது ஒரு சாதாரண பழைய தியேட்டர் கதை. ஆனால் ஓரியண்டல் கட்டுவதற்கு முன்னால் அதே மனையில் வேறொரு அரங்கம் இருந்தது. அதன் கதைக்காகத்தான் இந்தப் பதிவு.

அதன் பெயர் இரோக்வா தியேட்டர். 1903 நவம்பர் 23 அன்று திறப்பு விழா. பளிங்கு, கண்ணாடி, தங்க முலாம், பிரமாண்டமான மாடிப்படிகள். பத்திரிகைகள் கொண்டாடின. நிகழ்ச்சி நிரலிலும் விளம்பரத்திலும் ஒரு வாசகத்தைத் தவறாமல் போட்டார்கள்: முழுக்க முழுக்கத் தீப்பிடிக்காத கட்டிடம்.

சிகாகோக்காரர்களுக்கு அந்த வாசகம் ஏன் முக்கியம் தெரியுமா? 1871ல் அந்த ஊரே எரிந்து சாம்பலானது. சுமார் 300 பேர் இறந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருந்த காலம். தீப்பிடிக்காது என்ற உறுதிமொழிக்கு அங்கே இருந்த மதிப்பே வேற.

திறந்து ஐந்து வாரம் கூட முழுசா ஆகியிருக்கும், அவ்வளவுதான். 1903 டிசம்பர் 30, புதன்கிழமை, மேட்னி காட்சி. ‘மிஸ்டர் ப்ளூபேர்ட்’ என்ற இசை நாடகம். அன்றைய பெரிய காமெடி நடிகர் எடி ஃபாய் கதாநாயகன். கிறிஸ்துமஸ் விடுமுறை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மாக்கள், அத்தைகள், டீச்சர்கள். ஹவுஸ்ஃபுல் ஆகி, நின்றுகொண்டு பார்ப்பதற்கும் டிக்கெட் கொடுத்தார்கள். உள்ளே 1,700 பேருக்கு மேல். நடைபாதையில் எல்லாம் ஆட்கள்.

இரண்டாம் அங்கம். மணி மூன்றேகால் வாக்கில். மேடையில் நிலா வெளிச்சத்தில் நடக்கும் ஒரு பாட்டு. அதற்கு நீல ஒளி கொடுத்துக்கொண்டிருந்த ஆர்க் விளக்கில் இருந்து ஒரு தீப்பொறி பக்கத்துத் துணித் திரையில் பட்டது.

அந்தத் துணி எரிந்தது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. மேடை நாடகத்தில் அடிக்கடி நடக்கிறதுதான். ஆனால் மேடைக்கு மேலே எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய கேன்வாஸ் படுதாக்கள் ஏராளமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஊறவைத்த விறகு மாதிரி. தீயணைக்க அங்கே இருந்தது சில தகரக் குழாய்கள், உள்ளே பொடி. அதைத் தீயின் மேல் வீச வேண்டும். கீழே நின்றுகொண்டு தலைக்கு மேல் எரியும் தீயில் பொடியை வீசினால் என்ன ஆகும்? பொடி திரும்பத் தலையிலேயே விழுந்தது.

அடுத்தது தீத்தடுப்புத் திரை. மேடையில் தீ வந்தால் மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே இறக்க வேண்டிய ஆஸ்பெஸ்டாஸ் திரை. இறக்கினார்கள். பாதியில் மாட்டிக்கொண்டது, பக்கவாட்டில் இருந்த ஒரு விளக்கின் ரிஃப்ளெக்டரில். பிறகு அந்தத் திரையின் துண்டைச் சோதித்தபோது அதில் மரக்கூழ் நிறைய கலந்திருந்தது தெரியவந்தது. அதாவது, தீயைத் தடுக்க வேண்டிய திரையே எரியக்கூடியது.

எடி ஃபாய் அப்போது ஒப்பனை அறையில் இருந்தார். அவருடைய சின்னப் பையனும் அன்று நாடகம் பார்க்க வந்திருந்தான். பையனை ஒருவரிடம் ஒப்படைத்து வெளியே அனுப்பிவிட்டு, பாதி வேஷத்தோடு மேடைக்கு ஓடிவந்தார். தலைக்கு மேலே எரிந்த துண்டுகள் விழுந்துகொண்டிருக்க, பயப்படாமல் உட்காருங்கள், மெதுவாக வெளியே போகலாம் என்று கெஞ்சினார். இசைக்குழுவை நிறுத்தாமல் வாசிக்கச் சொன்னார். அந்தச் சில நிமிடங்களுக்காகவே அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும். ஆனால் ‘உட்காருங்கள்’ என்ற அந்த அறிவுரை சரியா என்று கேட்டால், இன்றைக்கு யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். கட்டிடத்தின் நிலை அவருக்கும் தெரியாது, பாவம்.

இப்பதான் பிசிக்ஸ் வருது. கொஞ்சம் பொறுமை.

மேடையில் தீப்பிடித்தால் சூடான புகை மேலே ஏறும். அதை வெளியேற்ற மேடைக்கு நேர் மேலே கூரையில் புகைபோக்கிகள் இருக்க வேண்டும். இரோக்வாவில் இருந்தன. ஆனால் வேலை முடியாமல், திறக்க முடியாதபடி அடைத்து வைத்திருந்தார்கள். இந்த நேரத்தில் நடிகர்களும் மேடை ஊழியர்களும் தப்பிக்க மேடையின் பின்பக்கப் பெரிய கதவைத் திறந்தார்கள். வெளியே டிசம்பர் மாதச் சிகாகோ குளிர். உள்ளே நெருப்பு. குளிர்காற்று மொத்தமாக உள்ளே பாய்ந்தது. எரிவதற்கு ஆக்சிஜன் கிடைத்தது. மேலே போக வழி இல்லை. ஒரே வழி, பாதியில் நின்ற திரைக்கு அடியில்.

அந்த வழியாக ஒரு தீப்பிழம்பு பார்வையாளர் பக்கம் பாய்ந்தது. சூடான வாயு ஆச்சே, தரையில் இருந்தவர்களைத் தாண்டி மேலே ஏறியது. மேலே யார்? பால்கனியும் அதற்கு மேல் கேலரியும். குறைந்த விலை டிக்கெட் வாங்கியவர்கள்.

இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு தளங்களில் இருந்தவர்கள்.

அவர்கள் ஏன் இறங்கி ஓடவில்லை?

ஓடினார்கள். படிக்கட்டுகளில் இரும்பு கேட் போட்டுப் பூட்டியிருந்தது. ஏன் பூட்டினார்கள்? காட்சி ஓடும்போது குறைந்த டிக்கெட்காரர்கள் நைசாகக் கீழே வந்து விலை உயர்ந்த இருக்கைகளில் உட்கார்ந்துவிடக் கூடாதாம். அதற்காக.

வெளியேறும் கதவுகள் நிறையவே இருந்தன. ஆனால் அழகுக்காக அவற்றின் முன் திரை தொங்கவிட்டிருந்தார்கள். வழி காட்டும் எழுத்துகள் இல்லை. திரையை விலக்கிக் கண்டுபிடித்தவர்களுக்கு அடுத்த சோதனை, தாழ்ப்பாள். ஐரோப்பாவில் இருந்து வந்த புதுவகைத் தாழ். எப்படித் திறப்பது என்றே பலருக்குத் தெரியவில்லை. சில கதவுகள் உள்பக்கமாகத் திறப்பவை. பின்னால் நூறு பேர் தள்ளும்போது உள்பக்கம் திறக்கும் கதவை யாரால் இழுக்க முடியும்? இன்னும் சில, கதவு மாதிரியே செய்யப்பட்ட ஜன்னல்கள். அலங்காரத்துக்கு. அதை உடைக்கப் போராடி அங்கேயே சரிந்தவர்கள் உண்டு.

கட்டிடத்தின் பக்கத்தில் கவுச் பிளேஸ் என்ற சந்து. அந்தப் பக்கம் தீயில் தப்பிக்கும் இரும்புப் படிகள் வைத்திருந்தார்கள். அதுவும் முழுசா முடியவில்லை. கதவைத் திறந்து ஓடிவந்தவர்கள் அந்தரத்தில் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் தள்ளத் தள்ள விழுந்தார்கள். சந்தின் எதிர்ப்பக்கம் ஒரு பல்கலைக்கழகக் கட்டிடத்தில் பெயிண்ட் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பலகைகளை இந்தப் பக்கத்துக்கு நீட்டி, அதன் மேல் நடக்கவைத்துச் சுமார் ஒரு டஜன் பேரைக் காப்பாற்றினார்கள். அவர்கள் தீயணைப்பு வீரர்கள் இல்லை. பெயிண்டர்கள். அந்தச் சந்தை இன்றும் சிகாகோவில் மரணச் சந்து என்று சொல்வார்கள்.

தியேட்டரில் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லும் அலாரம் கூட இல்லை. ஒரு ஆள் ஓடிப்போய்ச் சொன்னார். வண்டிகள் வந்து அரை மணி நேரத்துக்குள் தீ அணைந்துவிட்டது. அதற்கு முன்பே, முதல் பதினைந்து நிமிடத்திலேயே எல்லாம் முடிந்திருந்தது.

மொத்தம் இறந்தவர்கள் குறைந்தது 602. ஒரு நகரமே எரிந்த 1871 தீயில் இறந்தவர்களைப் போல இரண்டு மடங்கு. அதுவும் ஒரே கட்டிடத்தில். இன்று வரை அமெரிக்காவில் ஒரே கட்டிடத்தில் நடந்த தீ விபத்துகளில் மிக அதிக உயிர்ப்பலி இதில்தான், 2001 இரட்டைக் கோபுரத் தாக்குதலைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால்.

பக்கத்தில் தாம்சன்ஸ் என்ற ஓட்டல். சாப்பாட்டு மேசைகளைக் காலி செய்து அதன் மேல் ஆட்களைக் கிடத்தினார்கள். ஊரில் இருந்த டாக்டர்கள் ஓடிவந்தார்கள். யாருக்கு மூச்சு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பிரிப்பதுதான் முதல் வேலை. இன்றைக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் வண்ணப்பட்டை கட்டிப் பிரிக்கிறோமே, அதே வேலை. ஒரு ஓட்டலில், மேசை மேசையாக. பெரும்பாலும் குழந்தைகள். அந்த டாக்டர்களை நினைத்தால் எனக்கு வேறெதுவும் தோணாது, கை நடுங்கியிருக்கும் என்பதைத் தவிர.

இப்போ என் ஏரியாவுக்கு வர்றேன்.

தீ விபத்தில் இறந்தார்கள் என்றதும் நாம் நினைப்பது உடல் கருகி என்று. இரோக்வாவில் அப்படியும் இறந்தார்கள். ஆனால் பூட்டிய கதவுக்கு முன்னால் குவியலாகக் கிடந்தவர்கள் நிறைய பேருக்கு அதற்கு முன்பே மூச்சு நின்றிருந்தது.

இரண்டு விதமாக நிற்கும். ஒன்று புகை. எரியும் பொருளில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. முதலில் தலைவலி, தலைசுற்றல், குழப்பம். கதவு எந்தப் பக்கம் என்று யோசிக்கும் மூளைதான் முதலில் தடுமாறும். கால் துவளும். அப்புறம் மயக்கம். அதிக அளவில் சுவாசித்தால் இதெல்லாம் சில நிமிடங்களில். கூடவே கொதிக்கும் காற்றை இழுத்தால் தொண்டையும் குரல்வளையும் வீங்கி மூச்சுப்பாதையே அடைத்துவிடும்.

இன்னொன்று நெரிசல். நாம் மூச்சு இழுக்க மார்புக்கூடு விரிய வேண்டும். முன்னும் பின்னும் ஆட்கள் அழுத்தும்போது அது விரியாது. மூக்கும் வாயும் திறந்திருக்கும், சுற்றிலும் காற்று இருக்கும், ஆனாலும் மூச்சு விட முடியாது. நின்றபடியே இறந்துபோவார்கள். நெரிசலில் ‘மிதிபட்டு’ இறந்தார்கள் என்று செய்தியில் போடுவார்கள். உண்மையில் பெரும்பாலும் இந்த அழுத்தம்தான் காரணம். சின்னப் பிள்ளைகளுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ரெண்டுக்கும் மருந்து ஒன்றே ஒன்று. திறக்கிற கதவு. நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் அதை விட நல்ல சிகிச்சை இல்லை.

விபத்துக்குப் பிறகு மேயர் ஊரில் இருந்த எல்லா அரங்குகளையும் சோதனைக்காக மூடினார். நியூயார்க்கில் இருந்து ஐரோப்பா வரை தியேட்டர்களில் சோதனை நடந்தது. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், வெளியேறும் வழிக்கு விளக்குப் போட்ட பலகை வேண்டும், காட்சி நடக்கும்போது பூட்டக் கூடாது என்று விதிகள் இறுக்கப்பட்டன. வழக்கும் நடந்தது. தியேட்டர் முதலாளிகளில் ஒருவரான வில் டேவிஸ் மீது இருந்த வழக்கு 1907ல் தள்ளுபடியானது. நகராட்சி விதிகள் செல்லுமா செல்லாதா என்று சட்ட நுணுக்கம் பேசி அவருடைய வக்கீல் ஜெயித்துவிட்டார். 602 பேர் சாவுக்கு யாரும் சிறைக்குப் போகவில்லை.

இண்டியானாபொலிஸ் ஊரில் கார்ல் பிரின்ஸ்லர் என்று ஒருவர். வானகெட் ஹார்ட்வேர் கடையில் விற்பனையாளர். (ஆமாங்க, எழுத்தாளர் கர்ட் வானகெட் குடும்பத்துக் கடைதான்.) அன்றைய மேட்னிக்கு அவரும் போவதாக இருந்தாராம், வேலை வந்துவிட்டதால் போகவில்லை என்று அந்தக் கம்பெனி தன் வரலாற்றில் சொல்கிறது. பூட்டிய கதவுகள் அவரைத் தூங்கவிடவில்லை. வெளியில் இருந்து யாரும் வர முடியாது, ஆனால் உள்ளே இருந்து சும்மா ஒரு தள்ளு தள்ளினால் திறந்துவிடும், அப்படி ஒரு பூட்டு வேண்டும். ஹென்றி டூபாண்ட் என்ற பொறியாளர் அதை வடிவமைக்க, 1908ல் விற்பனைக்கு வந்தது. வானகெட், டூபாண்ட், பிரின்ஸ்லர் மூன்று பெயரையும் சேர்த்து ‘வான் டுப்ரின்’ என்று பெயர் வைத்தார்கள். மால், மல்டிபிளெக்ஸ், பெரிய ஆஸ்பத்திரிகளில் அவசர வழிக் கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு நீளக் கம்பி இருக்கும் பாருங்க, அதன் மூதாதை இதுதான். விரல்கள் வேண்டாம், யோசனை வேண்டாம். கூட்டம் உங்களை அதன் மேல் தள்ளினாலே கதவு திறந்துவிடும்.

இரோக்வா கட்டிடத்தின் சுவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. விளம்பரத்தில் சொன்னது ஒருவகையில் உண்மைதான், கட்டிடம் எரியவில்லை. உள்ளே இருந்தவர்கள்தான். 1904லேயே வேறு பெயரில் திறந்தார்கள். அப்புறம் கொலோனியல் தியேட்டர் என்று இருபது வருடம் ஓடியது. ஜனங்களும் போனார்கள், பார்த்தார்கள், சிரித்தார்கள். பிறகு இடித்துவிட்டு அதே இடத்தில் ஓரியண்டல்.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1997 ஜூன் 13, டெல்லி உபஹார் தியேட்டர். ‘பார்டர்’ படம், மேட்னி. கீழே கார் நிறுத்துமிடத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் தீ. புகை மேலே ஏறியது. பால்கனியில் கூடுதல் இருக்கைகள் போட்டதில் வெளியேறும் வழி ஒன்று அடைபட்டிருந்தது. 59 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையில் மூச்சுத்திணறி. சிகாகோவுக்கும் இதற்கும் இடையே 94 வருடம். மறுபடியும் மேட்னி, மறுபடியும் பால்கனி. பிள்ளைகளை இழந்த பெற்றோர் சங்கமாகச் சேர்ந்து பல வருடம் கோர்ட்டில் போராடினார்கள்.

94 என்று எழுதும்போது கை ஒரு நிமிஷம் நின்றது. 2004 ஜூலை 16, கும்பகோணம். அங்கே இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் 94. அதைப் பற்றித் தமிழ் படிக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

போன மாதம் குடும்பத்தோடு ஒரு தியேட்டருக்குப் போனேன். எந்த ஊர், எந்தத் தியேட்டர் என்று கேட்காதீங்க. உட்கார்ந்ததும் எக்ஸிட் எங்கே இருக்கு என்று தேடுவது என் பழக்கம். வீட்டில் கிண்டல் பண்ணுவார்கள். இடதுபக்கம் சிவப்பு எழுத்து பளிச்சென்று எரிந்தது. எழுந்து போய்க் கதவைப் பார்த்தேன். இரண்டு கைப்பிடிக்கும் சேர்த்துச் சங்கிலி, அதில் ஒரு பூட்டு.

டார்ச் வைத்திருந்த பையனைக் கூப்பிட்டேன்.

“என்ன தம்பி, இதைப் பூட்டி வச்சிருக்கீங்க?”

“திறந்து விட்டா வெளிய இருந்து டிக்கெட் இல்லாம உள்ள வந்துர்றாங்க சார்.”

மேனேஜரைப் பார்த்துப் பேசினேன். நல்ல மனுஷன், கோபப்படவில்லை. டாக்டர்னு சொன்னதும் உடனே ஆளை அனுப்பித் திறக்கச் சொன்னார். சங்கிலி கழன்றது. போய் உட்கார்ந்து படம் பார்த்தேன்.

படம் முடிந்து வெளியே வரும்போது அந்தப் பக்கமாகவே வந்தேன். சங்கிலி மறுபடியும் மாட்டியிருந்தது.